ஒரே வீடு, இரண்டு கெக்கோ, இரண்டு பருவம்: நாகர்கோவிலில் ஒரு வெப்பநிலை ஆய்வு

நான் நாகர்கோவிலில் சிறு பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். வருவதில் பெரும்பாலும் நாயும் பூனையும்தான். சில ஆண்டுகளாக வளர்ப்புப் பல்லிகளும் வருகின்றன. அப்படி வருகிறவற்றுக்கு மருந்து எழுதும் வேலை குறைவு. வைத்திருக்கும் தொட்டியின் சூட்டைச் சரிசெய்தாலே பாதிக்கு மேல் நோய் விலகிவிடுகிறது. நகரத்து ஓரத்தில் உள்ள ஒரு வீட்டில் ஒரே ஆண்டுக்குள் ஒரே பிராணி முதலில் சூட்டாலும் பிறகு சூடு இல்லாமலும் நோயில் விழுந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் கெக்கோ என்னும் பல்லி வகைகளை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இந்த இரண்டு ஆபத்தும் வீட்டு வாசலிலேயே நிற்கின்றன. வீட்டாரின் அனுமதியுடன், அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

பிராணிகள்

வீட்டில் இருந்தவை இரண்டு. ஒன்று லெப்பர்ட் கெக்கோ, வளர்ந்த பெண். இதன் பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பகுதிகளின் வறண்ட பாறைநிலம். பகலில் பாறை இடுக்கில் கிடந்து, அந்தி சாய்ந்ததும் இரை தேட வெளியே வரும். கொழுப்பை வாலில் சேமிக்கும். அதனால் வாலைப் பார்த்தாலே உடல்நிலையை ஓரளவு ஊகிக்கலாம்.

இன்னொன்று கிரெஸ்டட் கெக்கோ. நியூ கலிடோனியாவின் தெற்குப் பகுதிக் காடுகளைச் சேர்ந்தது. உலகத்தில் இருந்தே அழிந்துவிட்டது என்று நினைத்திருந்த இனம், 1994ஆம் ஆண்டு மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது. மரத்தில் வாழும். பழக்கூழ் மாவும் பூச்சியும் தின்னும். வால் ஒருமுறை அறுந்தால் மறுபடி முளைக்காது.

கல்லூரியில் படிக்கும் மகன் வாங்கியவை இவை. அவன் விடுதிக்குப் போய்விட்டால் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். முதலில் பயந்து, பிறகு அதிகாலையில் எழுந்ததும் தொட்டியை எட்டிப் பார்க்கும் அளவுக்கு அவருக்குப் பிரியம் வந்துவிட்டது. இந்த ஆய்வில் வரும் பயனுள்ள தகவல்களில் பாதி அவர் கவனித்துச் சொன்னவை.

மே மாதம் வந்தபோது

லெப்பர்ட் கெக்கோ ஏப்ரல் நடுவிலிருந்து சாப்பிடவில்லை. மகன் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வைத்திருந்தது பெரிய உதவி. டிசம்பரில் 58 கிராம், என்னிடம் வந்த அன்று 47. வால் ஒடுங்கி, கண் சற்று உள்ளே போய், வயிற்றுத் தோல் லேசாகச் சிவந்திருந்தது. கொப்புளம் இல்லை. வயிற்றைத் தடவிப் பார்த்ததில் முட்டையோ அடைப்போ தட்டுப்படவில்லை. எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்ததில் கவலைப்படும்படி ஒட்டுண்ணிகள் இல்லை.

கிரெஸ்டட் கெக்கோவின் நிலை அதைவிட மோசம். வாலைப் போட்டுவிடும் என்பதால் அதைக் கையில் எடுக்காமல் டப்பாவுக்குள்ளேயே வைத்துப் பார்த்தேன். துவண்டு கிடந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, டப்பாச் சுவரில் பிடிப்பு இல்லை. மார்ச்சில் வாங்கியதிலிருந்து கீழே ஹாலில்தான் இருந்ததாம், அங்கே ஓரளவு நன்றாகவே தின்றிருக்கிறது. மகன் விடுமுறைக்கு வந்ததும் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாடி அறைக்கு ஏற்றியிருக்கிறான். நான்கைந்து நாளில் இந்த நிலை.

அம்மா சொன்னது இது: "பையன் சொன்ன மாதிரிதான் டாக்டரே சூடு வச்சிருக்கோம். ஆனா அது குகைக்குள்ள போகவே மாட்டேங்கு. எப்பப் பாத்தாலும் தண்ணிக் கிண்ணத்து மேலேயேதான் கெடக்கு."

லெப்பர்ட் கெக்கோ பகலில் வெளியே கிடக்கிறது, அதுவும் தண்ணீரில் வயிற்றை வைத்துக்கொண்டு கிடக்கிறது என்றால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன்னால் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டுக்கும் நீர்ச்சத்து சேர வேண்டியதைச் செய்துவிட்டு, தொட்டியை நேரில் பார்க்கப் போனேன்.

அளந்து பார்த்தது

மாடி அறை. மேலே நேரடியாக வெயில் விழும் கான்கிரீட் தளம், மேற்குப் பக்கம் முழுச் சுவர். நாகர்கோவிலில் இப்படிப்பட்ட அறையில் சித்திரை, வைகாசி மாலை எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் சாயங்காலத்துக்கு மேல்தான் கீழே விடுகிறது. மாலை 4 மணிக்கு அறைக் காற்று 34.5 டிகிரி. இரவு 10 மணிக்கும் 32க்குக் கீழே வரவில்லை. விடிகாலையில்தான் 29.5.

மகன் அக்கறை இல்லாதவன் அல்ல. வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் எழுதிய பட்டியலைப் பார்த்து, சூடான பக்கம் 32, குளிர்ந்த பக்கம் 24 என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தான். அந்த எண்கள் சரியானவைதான். ஆனால் அந்தப் பட்டியல்கள் எழுதப்பட்ட வீடுகளில் அறையே 20 முதல் 22 டிகிரிதான் இருக்கும். அங்கே ஒரு பக்கம் சூடு வைத்தால் போதும், மறுபக்கம் தானாகவே குளிர்ந்து நிற்கும். குளிர்ந்த பக்கம் எப்படிக் கிடைக்கும் என்று அங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை. நம் ஊரில் அதுதான் முதல் கேள்வி.

அவன் தொட்டியின் நடுவில் கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்ட முள் வெப்பமானி 31 காட்டிக்கொண்டிருந்தது. கூடவே, கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை வைத்து மறைவிடத்தின் தரையை அளந்திருக்கிறான். இதைப் பல வீடுகளில் பார்க்கிறேன், அதனால் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவி மனிதத் தோலின் சூட்டை அளந்து, உள்ளுடல் சூடு இவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுத்தான் எண்ணைக் காட்டும். உடல் என்ற அமைப்பில் வைத்து ஓடு, கல் போன்றவற்றை அளந்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சில கருவிகளில் பரப்பு என்று இன்னொரு அமைப்பு உண்டு, அதில் அளந்தால் ஓரளவு நம்பலாம். கம்பி சென்சார் கொண்ட டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்கி, தொட்டியின் இரு முனையிலும் தரையோடு தரையாக வைப்பது அதைவிட நல்லது. கெக்கோ தரையில்தான் கிடக்கிறது. நடுக் கண்ணாடியின் சூடு அதற்கு எந்த விதத்திலும் சம்பந்தமில்லை.

கம்பி சென்சாரில் வந்தவை: தொட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பான ஹீட் மேட்டுக்கு மேலே உள்ள தரை 43 டிகிரி. மறுமுனைத் தரை 34.5. அதாவது தொட்டிக்குள் அந்தப் பிராணி போகக்கூடிய இடங்களில் மிகக் குளிர்ந்ததே 34.5. தண்ணீர்க் கிண்ணம் மட்டும்தான் அதைவிடக் கொஞ்சம் தணிவாக இருந்தது. அதனால்தான் அதில் போய்க் கிடந்தது.

அந்தத் தொட்டி ஒன்றரை அடி நீளம்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் மேட். நீளம் இல்லாத தொட்டியில் ஒரு முனையில் வைத்த சூடு மறுமுனைக்குப் போகாமல் இருக்காது.

ஜனவரியில் நன்றாக இருந்தது ஏன்

இந்தக் கேள்வியை மகன்தான் கேட்டான், நல்ல கேள்வி. அதே மேட், அதே தொட்டி, அதே அறை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கெக்கோ தின்று கொழுத்திருக்கிறது. பிறகு ஏன் கெட்டது?

மேட்டுக்கு தெர்மோஸ்டாட் இல்லை, அதாவது சூடு வேண்டிய அளவை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்தும் கருவி இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாத மேட் 32 டிகிரியை உண்டாக்குவதில்லை. அறையில் என்ன இருக்கிறதோ அதற்கு மேல் சில டிகிரியைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். இந்த மேட் அந்தத் தொட்டியில் ஏறத்தாழ 9 டிகிரி சேர்த்தது. ஜனவரியில் அறை 26.5 இருந்தபோது தரை 35 சொச்சம் வந்திருக்கும். கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் மறுமுனை 27 அளவில் இருந்ததால் பிராணி தானே விலகிக்கொண்டது. ஏப்ரல், மேயில் அறை 34 ஆனபோது அதே 9 டிகிரி சேர்ந்து 43. யாரும் எதையும் மாற்றவில்லை, பருவம் மாறிவிட்டது.

பல்லி இனம் உடலுக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை. வெளியிலிருந்து எடுக்கிறது, வேண்டாதபோது விலகிப் போகிறது. நம் வீட்டுச் சுவர்ப் பல்லியைக் கவனித்தாலே இது தெரியும். பகலில் காலண்டருக்குப் பின்னாலும் சன்னல் சட்டத்து இடுக்கிலும் போகும், இரவில் டியூப் லைட் பக்கம் வரும். அதற்கு வீடு முழுக்க இடமிருக்கிறது, தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்கிறது. தொட்டியில் அடைத்த பிராணிக்கு அந்தத் தேர்வை நாம் செய்து கொடுக்க வேண்டும். ஆகவே வளர்ப்பவர் தேட வேண்டியது ஒற்றை எண்ணை அல்ல. நாளின் மிகச் சூடான நேரத்தில் தொட்டியின் மிகக் குளிர்ந்த இடம் எவ்வளவு, நாளின் மிகக் குளிர்ந்த நேரத்தில் மிகச் சூடான இடம் எவ்வளவு என்ற இரண்டு அளவுகளை. மாலை 4 முதல் 6க்குள் முதலாவதையும், விடிவதற்கு முன் இரண்டாவதையும் அளந்தால் அந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும்.

லெப்பர்ட் கெக்கோவுக்கு நான் சொல்லும் அளவு: சூடான மறைவிடத்துத் தரை 31 முதல் 33. குளிர்ந்த முனை 24 முதல் 26 என்பது புத்தக அளவு. நம் கடலோரத் தாழ்நிலத்தில் ஏசி இல்லாமல் கோடையில் அது கிடைக்காது. 28ஐ ஒட்டி நிறுத்த முடிந்தால் பிராணி சமாளித்துவிடும். 30ஐத் தாண்டினால் அதைக் குளிர்ந்த முனை என்று சொல்வதற்கில்லை. இரவில் 22 வரை இறங்கினாலும் நல்ல உடல்நிலையில் உள்ளதற்குக் கேடில்லை. நாகர்கோவில் பக்கம் வீட்டுக்குள் அதற்குக் கீழே போவதே அபூர்வம் என்பதால் இரவுக்கென்று தனிச் சூட்டு விளக்கு இங்கே தேவையில்லை.

கோடையில் செய்தது

முதல் வேலை இரண்டையும் கீழே இறக்கியது. கீழ்த்தளத்துப் பின்னறை வடக்குப் பார்த்தது, மேலே இன்னொரு மாடி இருப்பதால் தளம் சுடாது. அங்கே மே மாத மாலையில் 30.5, விடிகாலையில் 28. அறையை மாற்றியதில் மட்டுமே நான்கு டிகிரி குறைந்தது. எந்தக் கருவியும் இவ்வளவு மலிவாக இதைத் தராது.

லெப்பர்ட் கெக்கோவுக்கு மூன்று அடி மீன் தொட்டி ஒன்றை வாங்கி, மேலே கம்பி வலை மூடி போட்டார்கள். மேசையில் வைக்காமல் தரையில் வைக்கச் சொன்னேன். கீழ்த்தளத்துத் தரை நாளெல்லாம் குளிர்ந்து கிடக்கிறது, அதை ஏன் விட வேண்டும்? குளிர்ந்த பாதிக்கு அடியில் வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் துண்டு, சூடான பாதிக்கு அடியில் அதே கனத்தில் தெர்மோகோல், அதன் மேல் மேட். டைல்ஸ் பக்கம் தொட்டியின் சூட்டைத் தரை இழுத்துக்கொள்கிறது, தெர்மோகோல் பக்கம் மேட்டின் சூடு தரைக்குள் வீணாகப் போவதில்லை. இப்படி வைத்த பிறகு மாலை 4 மணிக்கே குளிர்ந்த முனைத் தரை 28.5ல் நின்றது.

தரையில் வைத்தால் எறும்பு வரும். தொட்டியில் இரைப்பூச்சியும் தண்ணீரும் இருப்பதால் கட்டாயம் வரும். அதற்காக எறும்புச் சாக்பீஸோ பூச்சிமருந்தோ தொட்டி அருகில் போடவே கூடாது. அது பூச்சிக்கு மட்டுமல்ல, பூச்சியைத் தின்னும் பல்லிக்கும் விஷம். தின்னாமல் விட்ட இரையை இரவே எடுத்துவிடுவதும், சுற்றிலும் ஈரத்துணியால் துடைப்பதும்தான் இந்த வீட்டில் பலன் தந்தது.

மேட்டுக்கு தெர்மோஸ்டாட் போட்டு 32ல் வைத்தோம். அதன் சென்சார் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். காற்றில் தொங்கவிட்டால் காற்று 32 ஆகும்வரை மேட் எரிந்துகொண்டே இருக்கும், அதற்குள் தரை கொதித்துவிடும். மறைவிடத்துக்குள், கெக்கோவின் வயிறு படும் ஓட்டோடு ஒட்டி சென்சாரை வைக்க வேண்டும். மே மாத மாலைகளில் அந்த மேட் பெரும்பாலும் அணைந்தே கிடந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மேலிருந்து சூடு தரும் ஹாலோஜன் விளக்குதான் சிறந்தது என்று இப்போது பல வளர்ப்பாளர்கள் சொல்கிறார்கள். குளிர் நாட்டில் நானும் அதையே பரிந்துரைத்திருப்பேன், அதன் சூடு உடலுக்குள் ஆழமாக இறங்கும். ஆனால் நம் ஊரில் அறைக் காற்றே 30ல் நிற்கும்போது விளக்கு தொட்டி முழுதையும் சேர்த்துச் சூடாக்கிவிடுகிறது, குளிர்ந்த முனை பறிபோகிறது. சூட்டை ஒரே இடத்தில் தரையோடு நிறுத்துகிற மேட் இங்கே பாதுகாப்பானது. லெப்பர்ட் கெக்கோ இயற்கையிலும் பகல் வெயிலில் சுட்ட கல்லில் வயிற்றை ஒட்டி வைத்துத்தான் நிறைய சூடு எடுக்கிறது.

மூன்று வாரத்தில் அது குகைக்குள் படுக்கத் தொடங்கியது, இரை எடுத்தது. ஜூன் தொடக்கத்தில் 52 கிராம்.

கிரெஸ்டட் கெக்கோவின் கதை வேறு

இதற்கு வேண்டியது 22 முதல் 26 டிகிரி. 28ஐத் தாண்டினால் வதங்கத் தொடங்கும், 30க்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. வெப்பமண்டலத் தீவின் மழைக்காட்டுப் பல்லி என்று கேள்விப்பட்டதும் நம் ஆட்களுக்கு நம் மாவட்டத்து மலைக்காட்டு ஊர்களான பேச்சிப்பாறையும் கீரிப்பாறையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. மகனும் அப்படித்தான் நினைத்து வாங்கியிருக்கிறான். ஆனால் நியூ கலிடோனியா அட்சரேகைக் கணக்கில் நிலநடுக்கோட்டிலிருந்து 22 டிகிரி தெற்கே தள்ளி, பசிபிக் காற்று ஓயாமல் வீசும் இடத்தில் இருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு 8 டிகிரி வடக்கிலேயே இருக்கிறோம். மரமும் மழையும் ஒன்று போலத் தெரியலாம், இரவின் குளிர்ச்சி ஒன்றல்ல. பேச்சிப்பாறையில்கூட மார்ச், ஏப்ரல் பகலை இந்தப் பிராணி சிரமத்தோடுதான் கடக்கும்.

குளிர்விக்க வீட்டில் பல வழிகளைக் கேட்டார்கள். ஈரத்துணி போட்டு விசிறி வைக்கலாமா, மண்பானைத் தண்ணீர் தெளிக்கலாமா என்றார் அப்பா. நீர் ஆவியாகும்போது குளிரும் என்பது உண்மை, ஆனால் காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாவது குறைந்துவிடும். 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை ஈரத்துணியால் எவ்வளவுதான் குளிர்வித்தாலும் 27க்குக் கீழே கொண்டுவர முடியாது, நடைமுறையில் அதுவரைகூட இறங்காது. மதுரையிலோ திருநெல்வேலியிலோ வறண்ட காற்றில் பலிக்கும் வழி குளச்சலிலும் நாகர்கோவிலிலும் அந்த அளவுக்குப் பலிக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று வறண்டிருப்பதால் கொஞ்சம் கூடுதலாகப் பலிக்கும். அடைத்த தொட்டிக்குள் தண்ணீரை மேலும் மேலும் தெளிப்பது இன்னும் மோசம், புழுக்கம்தான் கூடும்.

உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, தொட்டிக்கு வெளியே ஒரு பக்கமாக ஒட்டி வைப்பது அவசரத்துக்கு உதவும். இந்த வீட்டில் பகலில் அதைச் செய்தார்கள், இரவில் பெற்றோர் படுக்கையறையில் ஏசியை 26ல் வைத்து அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். தொட்டி மேலிருந்த எல்இடி விளக்கையும் எடுக்கச் சொன்னேன், அதுவும் ஒரு டிகிரி தரும். கெக்கோ மெல்லத் தேறி, பழக்கூழை நக்கத் தொடங்கியது. ஆனால் தினமும் பாட்டில் மாற்றி, இரவு தோறும் ஏசி போட்டு, மின்தடை வந்தால் பதறி வாழ்வது நெடுநாள் ஏற்பாடு அல்ல என்று அவர்களிடம் நேராகவே சொன்னேன்.

மழை வந்த பிறகு

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்ததும் அறை குளிர்ந்தது. மகன் கல்லூரிக்குத் திரும்பிவிட்டான். ஜூலையில் அம்மா லெப்பர்ட் கெக்கோவை மறுபடி கொண்டுவந்தார். தின்றதைக் கக்குகிறது. எடை 48க்கு இறங்கியிருந்தது.

"சூடுதானே டாக்டரே அதைக் கெடுத்தது. அதான் மழை வந்ததும் பிளக்கையே உருவிட்டேன்" என்றார்.

அவர் செய்ததில் நியாயம் இருக்கிறது. கோடையில் கண்ணெதிரே சூட்டால் வாடிய பிராணி அது. தவிர, மேட் இல்லாமலே அது ஆர்வமாகத் தின்றிருக்கிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அறை பகலில் 26, விடிகாலையில் 24.5. இந்தச் சூட்டில் லெப்பர்ட் கெக்கோவுக்குப் பசி எடுக்கும், வேட்டையாடும், விழுங்கும். செரிப்பதற்கு அது போதாது. செரிமான நொதிகள் வேலை செய்ய உடல் 30ஐ ஒட்டிச் சூடாக வேண்டும். சூடான இடமே இல்லாததால் வயிற்றில் இரை தேங்கிப் புளித்து, கடைசியில் வெளியே வந்திருக்கிறது. அதற்கு முன்பே எச்சத்தில் இரையாகப் போட்ட மீல்வார்ம் புழுக்கள் முழுதாக வந்ததை அம்மா பார்த்திருந்தார். மீல்வார்ம் தோல் துண்டுகள் எச்சத்தில் தெரிவது சாதாரணம். புழு உருக்குலையாமல் முழுசாக வருவது செரிக்கவில்லை என்பதன் அடையாளம்.

கக்கலும் மெலிந்த வாலும் சேர்ந்து வந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியையும் மறக்கக் கூடாது. லெப்பர்ட் கெக்கோக்களில் அது கொடியது. எச்சத்தைத் தனிச் சாயமேற்றும் பரிசோதனைக்கு அனுப்பியதில் இல்லை என்று வந்தது. அந்தக் கிருமி எப்போதும் எச்சத்தில் வெளிப்படாது என்பதால் ஒரு முறை இல்லை என்று வந்ததை வைத்து முழுதாக விலக்கிவிட முடியாது. சூட்டைச் சரிசெய்த பிறகும் தேறாவிட்டால் மறுபடி பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

ஒரு வாரம் இரை நிறுத்தம், தண்ணீர் மட்டும். மேட் திரும்ப ஓடியது, தெர்மோஸ்டாட் அதே 32. ஈரமான பருவத்தில் மேட் செய்யும் இன்னொரு நன்மையும் உண்டு. 27 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, மறைவிடத்துக்குள் 32 ஆகும்போது அதன் ஈரப்பதம் 60 சதவீத அளவுக்கு இறங்கிவிடுகிறது. வறண்ட நிலத்துப் பிராணிக்குக் குளிரும் ஈரமும் சேர்ந்து வருவதுதான் மிகக் கெட்டது, மூச்சுக்குழாய் நோய் அதில்தான் பிடிக்கும். சூடான மறைவிடம் ஒன்றே செரிமானத்தையும் காக்கிறது, நெஞ்சையும் காக்கிறது. தோலுரிக்கும்போது ஈரம் வேண்டும்தான், அதற்கு நனைந்த டிஷ்யூ வைத்த சின்ன டப்பா ஒன்று போதும், தொட்டி முழுதும் ஈரமாக இருக்க வேண்டியதில்லை. அடியில் போட்டிருந்த தேங்காய் நார்த்தூள் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துப் பூசணம் பிடித்திருந்தது. அதை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டோம்.

மின்தடை பற்றி அம்மா கவலைப்பட்டார். அந்த மேட் இழுப்பது பதினைந்து வாட்டுக்குள். வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்தால் விசிறியில் கால்வாசிகூட ஆகாது. அதுவும் இல்லாதபோது சில மணி நேரம் 25 டிகிரியில் கிடப்பதால் கெக்கோவுக்கு எதுவும் ஆகாது, அன்றைக்கு இரை போடாமல் இருந்தால் போதும். சூடு உறுதியாக இருந்தால் மட்டுமே இரை என்பதை அவர் தொட்டி மேலேயே எழுதி ஒட்டிக்கொண்டார்.

சிறு இரையாக, இடைவெளி விட்டுக் கொடுக்கத் தொடங்கினோம். கக்கல் மறுபடி வரவில்லை. செப்டம்பரில் 56 கிராம், வால் திரண்டிருந்தது. இரண்டாவது எச்சப் பரிசோதனையிலும் எதுவும் இல்லை.

வேறு வீடுகளுக்கு

இந்த வீட்டின் எண்களை அப்படியே எடுத்து வேறு வீட்டில் வைக்க வேண்டாம். நம் மாவட்டம் சின்னது, ஆனால் வெயிலும் மழையும் ஊருக்கு ஊர் மாறும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஓட்டு வீட்டில் இன்னொருவர் லெப்பர்ட் கெக்கோ வைத்திருக்கிறார். அங்கே ஏப்ரலிலும் குளிர்ந்த முனை சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் ஜூன் முதல் நவம்பர் வரை மேட்டை அணைக்கவே முடிவதில்லை, ஈரம்தான் அவருடைய தலைவலி. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் காற்றுக் காலத்தில் சன்னலோரம் வைத்த தொட்டி இரவில் எதிர்பாராமல் குளிர்ந்துவிடும். இரண்டு கம்பி வெப்பமானியும், மாலையிலும் விடிகாலையிலும் பார்த்துக் குறிக்க ஒரு நோட்டும் எல்லா வீட்டுக்கும் பொது.

முட்டை பற்றி மகன் கேட்டதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் வெப்பநிலைதான். லெப்பர்ட் கெக்கோவின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை அடைகாக்கும் சூடு முடிவு செய்கிறது. 26 டிகிரியை ஒட்டினால் பெண், 32.5 அளவில் பெரும்பாலும் ஆண், 34க்கு மேல் மறுபடியும் பெரும்பாலும் பெண். அந்த உயர்ந்த சூட்டில் பல முட்டைகள் கெட்டும் போகும். மாடி அறையில் விட்டு வைத்தால் என்ன ஆகும் என்பதை அவனே கணக்குப் போட்டுக்கொண்டான். இனப்பெருக்கம் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், பிராணி அந்த ஆண்டு பட்ட பாட்டுக்கு அது நல்ல முடிவு.

சட்டமும் ஒன்று உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தன்னிடம் இருக்கும் இனம் எந்தப் பட்டியலில் வருகிறது, வைத்திருக்கவே அனுமதி உண்டா என்பதை வாங்குவதற்கு முன்னாலேயே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். காட்டில் பிடித்தது என்று தெரிந்தால் எந்தப் பல்லியையும் வாங்காதீர்கள்.

கிரெஸ்டட் கெக்கோவை மழைக்காலத்திலேயே, அறை 26ல் நின்ற நாள்களில், மகனின் நண்பர் ஒருவர் இரவுப் பயணமாகக் காரில் பெங்களூருக்குக் கொண்டுபோனார். ஆண்டின் பெரும்பகுதி அங்கே வீட்டுக்குள் ஏசி இல்லாமலே இதற்கு ஏற்ற சூடு இருக்கிறது, மார்ச், ஏப்ரல் இரண்டு மாதம் மட்டும் கவனிக்க வேண்டும். அம்மாவுக்கு அதைப் பிரிவதில் வருத்தம் இருந்தது, ஆனாலும் முதலில் சரி என்றது அவர்தான். இப்போது அங்கே நன்றாகத் தின்கிறது என்று படம் அனுப்புகிறார்கள். நாள் முழுதும் ஏசி ஓட வசதியில்லாத குமரி மாவட்டத்து வீடு எதற்கும் கிரெஸ்டட் கெக்கோவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.